தாய்க்கண்

பார்க்காதே உலகம்மா, பறவையைப் பார். அதோ, கன்னங்கரேலென்று, வாலைக் கத்தரிக்கோல் மாதிரி விரித்தும் மூடியும், இறக்கையை ஒரு தடவைகூட அடிக்காமல் பாய்மரத்துக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறதே, அதைப் பார். மற்ற பறவை பாடுபட்டுப் பிடித்த மீனை நடுவானில் மிரட்டிப் பிடுங்கித் தின்கிற பறவையாம் அது, சிங்கப்பூர் டாக்டர் நளாயினி சொன்னாள். அந்த ரகத்தைத் தென்காசிக் கடைவீதியில் நிறையப் பார்த்தாயிற்று, இருந்தாலும் பார்க்கிறேன், கழுத்து வலிக்க வலிக்கப் பார்க்கிறேன். இந்தக் கப்பலில் வந்திருக்கிற வெள்ளைக்காரர்கள், அந்த ஜப்பான் தம்பதி, பீரங்கி கணக்காகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஜெர்மன்காரர், இவர்கள் யாரும் பார்க்காததையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். பறக்கும் மீன் முதலில் என் கண்ணில்தான் பட்டது. ஆமை ஒன்று தலையைத் தூக்கி ஒரு வாய் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி முங்கியது, அதைப் பார்த்ததும் நான்தான். நேற்று ஓங்கில் கூட்டம் ஒன்று, டால்பின் என்கிறார்கள் இவர்கள், கப்பலுக்கு முன்னால் பந்தயம் விட்டுக்கொண்டு வந்தபோது எல்லாரும் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நான் ஒருத்திதான் மேலே. ஆன்ட்டிக்குக் கழுகுக் கண் என்று டாக்டர் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். ஜெர்மன்காரர் இப்போது காப்பியை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், நான் திரும்பும் பக்கமெல்லாம் கேமராவும் திரும்புகிறது. கழுகுக் கண்ணும் இல்லை, காக்காய்க் கண்ணும் இல்லை. எனக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டுகிற இடத்தில், சுக்கான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு என் மகள் பொற்கொடி நிற்கிறாள். இந்தக் கப்பலுக்கு அவள்தான் கேப்டன். அவளை நான் முழுக் கண்ணால் பார்க்கக் கூடாது. அப்படியென்றால் மிச்சமிருக்கிற உலகத்தைத்தானே பார்க்க வேண்டும், வேறு என்ன செய்வது.

பறவை போய்விட்டது. பாயைப் பார். பாயில் எனக்குப் பார்க்க நிறைய இருக்கிறது. இரண்டு மரம், இரண்டிலும் காவி நிறத்தில் கனத்த துணி, காற்றை வாங்கிக்கொண்டு கர்ப்பிணி வயிறாக நிற்கிறது, துண்டு துண்டாக வெட்டி ஓரம் மடித்து இரட்டைத் தையல் அடித்திருக்கிறார்கள், நூல் எங்கேயும் துள்ளவில்லை. எவன் தைத்தானோ கை சுத்தம். நான் மனதாரப் பாராட்டுவேன், துணியைப் பாராட்டினால் துணிக்கு ஒன்றும் ஆகாது. தென்காசியில் எந்தக் கல்யாணத்தில் எந்தப் பெண் கையைத் தூக்கி ஆரத்தி எடுத்தாலும் ரவிக்கையில் அக்குள் பக்கம் சுருக்கம் விழவில்லை என்றால் அது உலகம்மாள் டெய்லர்ஸ் கத்தரி, கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், பெருமைப்பட எனக்கு உரிமை இல்லையா. ஆனால் அந்தப் பெருமை வேறு, இது வேறு. ரவிக்கையைப் பற்றி ஊரைக் கூட்டிச் சொல்லலாம். இதைச் சொல்ல முடியாமல் நெஞ்சுக்குள் ஒரு பானைப் பால் பொங்கிப் பொங்கி விளிம்பு வரைக்கும் வருகிறது, நான் அதைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அமர்த்திக்கொண்டிருக்கிறேன். இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில், பெயர் வாயில் நுழையாத தீவுகளுக்கு நடுவில், எனக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு பெண் இரண்டு வார்த்தை சொல்கிறாள், ஐந்து ஆம்பிளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தக் குரல் என் வயிற்றில் இருந்து வந்தது. சரி, போதும், தண்ணீர் தெளி. தீவைப் பார் உலகம்மா, எவ்வளவு பச்சை, நம் ஊர் மலையைப் பிடுங்கித் தண்ணீரில் நட்டுவைத்த மாதிரி. அந்தத் தீவுக்குள்தான் இப்போது போகப் போகிறோம். சுற்றி முழுக்கப் பவளப்பாறை, நடுவில் ஒரே ஒரு வாசல், உள்ளே குளம் போலக் கடல், அந்தக் குளத்தின் அடியில் புல் முளைத்திருக்கிறது, புல்லை மேய வருகிறது கடல் பசு. இவர்கள் எல்லாரும் இவ்வளவு தூரம் வந்தது அந்தக் கடல் பசுவைப் பார்க்கத்தான். மோட்டார் சத்தம் கேட்டால் அது ஓடிவிடும் என்று தீவுக்காரர்கள் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், பாய் விரித்து வருவதானால் வா, இல்லையென்றால் வெளியிலேயே நில். போன கேப்டன் வெளியிலேயே நின்றுவிடுவாராம், துடுப்புப் படகில் ஆளை அனுப்பிவிடுவாராம். இவள் உள்ளே போகிறேன் என்கிறாள்.

யாரைக் கேட்டு உள்ளே போகிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. வாய் இருந்த நேரத்தில் அதை எதற்கோ செலவழித்துவிட்டேன். நேற்று மத்தியானம் டாக்டர் நளாயினி என் பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல மனசுதான் அவளுக்கு, ஆன்ட்டி நானும் எத்தனையோ கப்பலில் போயிருக்கிறேன், உங்கள் பொண்ணு மாதிரி ஒரு கேப்டனைப் பார்த்ததில்லை, என்ன நிதானம், என்ன தைரியம், நின்றாலே ஒரு அழகு என்று ஆரம்பித்தாள். புகழ்ச்சி வந்து விழுந்த இடத்தில் உடனே ஒரு திட்டைப் போட்டு மூட வேண்டும், அடுப்பில் எண்ணெய் பற்றிக்கொண்டால் மூடியைப் போடுவது போல, யோசிக்கிற நேரம் கிடையாது. என்ன பெரிய கேப்டன் என்றேன். வெயிலில் நின்று நின்று கருவாடாகிப் போனாள் என்றேன், ஒரு ரசம் ஒழுங்காக வைக்கத் தெரியாது, பொம்பளைப் பிள்ளைக்கு இது ஒரு பிழைப்பா என்றேன். அதோடு விட்டிருக்கலாம். டாக்டர் விடாமல் மறுபடியும் புகழவும், நான் இன்னும் கொஞ்சம் கனமான மூடியாகத் தேடி, ஊரில் நாலு பேரிடம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்றேன். அப்போது படிக்கட்டில் இரண்டு கால். கீழேயிருந்து ஏறி வந்த கால், பாதியில் நின்றது. பெருவிரலைவிடப் பக்கத்து விரல் நீளம், அந்தக் காலை எனக்குத் தெரியாதா, பிறந்த அன்றைக்கே விரலைப் பார்த்துவிட்டு இவள் புருஷனை ஆட்டி வைப்பாள் என்று மருத்துவச்சி சிரித்த கால். புருஷன் வரவில்லை, கப்பல் வந்தது. பிறகு கால் ஒன்றும் கேட்காத மாதிரி மேலே ஏறிப் போனது.

அதற்கு இன்றைக்குக் காலையில் பதில் வந்தது. டீயை அவளே எடுத்து வந்தாள். கேப்டன் டீ தூக்கி வருகிறாளே என்று நான் டம்ளரைப் பார்த்தேன், டம்ளரைப் பிடித்த விரலைப் பார்த்தேன், நகம் ஒட்ட வெட்டி உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. எதிரே உட்கார்ந்தாள். "எம்மா, உனக்கு இது பிடிக்கலன்னா இப்பவே சொல்லிரு" என்றாள். என்னது பிடிக்கவில்லை என்றேன், தெரியாதவள் மாதிரி. "நான் பாக்கிற வேலைதான். தூத்துக்குடில அந்த ஆபீஸ் வேலை இன்னும் காலியாத்தான் கிடக்கு. இங்க அஞ்சு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுதாங்க. இன்னைக்கு உள்ள போயி நங்கூரம் போட்டதும் முதலாளிக்குப் பதில் சொல்லணும். நீ வேண்டாம்னா நான் கரைக்கு வந்திருதேன்." சண்டை போடுகிற குரல் இல்லை அது, சண்டை என்றால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "ஒரு வாட்டி கூட நீ என்னை நிமிந்து பாக்கலை எம்மா. அப்பா பாத்தாப் போதும்னு இருந்தேன். போதலை" என்றாள். நான் என்ன சொன்னேன், டீ ஆறிப்போச்சு என்று சொன்னேன். ஆறவும் இல்லை, ஆவி பறந்துகொண்டுதான் இருந்தது. அவள் எழுந்து போனாள். இப்போது தீவு நெருங்கி வருகிறது, நெருங்க நெருங்க நான் சொல்ல வேண்டிய பதிலும் நெருங்கி வருகிறது, என் ஒரு வார்த்தையில் அவள் ஆசைப்பட்ட வாழ்க்கை இருக்கிறது, அந்த வார்த்தையைச் சொன்னால் அதுவே கண்ணாக அவளைப் பிடித்துக்கொள்ளும். கூச்சமாக இருக்கிறது என்று சொன்னேனே, அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது. கூச்சமாம். தெருவில் போகிற நாயைக் கூப்பிட்டு என் மகள் கப்பல் ஓட்டுகிறாள் என்று சொல்லத் தவிக்கிறவளுக்குக் கூச்சமாம்.

மஞ்சள் சாட்டின். வேண்டாம், அதை நினைக்காதே, தீவைப் பார், மரத்தைப் பார், என்னவோ ஒரு பெரிய பறவை மரத்துக்கு மரம் பறக்கிறது, இறக்கைச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது, புஸ் புஸ் என்று ரயில் இஞ்சின் மாதிரி, மூக்குக்கு மேல் இன்னொரு மூக்கு. மஞ்சள் சாட்டினில் மூன்று அடுக்குச் சுருக்கம் வைத்து, இடுப்பில் நாடா, தோளில் பஃப், பொற்கொடிக்கு ஒரு கவுன், அப்போது எனக்குக் கடை இல்லை, வீட்டில் ஒரே ஒரு மிஷின், மிச்சத் துணியில்தான் தைத்தேன். தேரோட்டத்துக்குப் போட்டுவிட்டுக் கோயில் வாசலில் நிறுத்தி, இரண்டு எட்டுப் பின்னால் போய், முழுசாகப் பார்த்தேன். பிள்ளைக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. எல்லாரும் தேரைப் பார்க்கிறார்கள், நான் இவளைப் பார்க்கிறேன். இப்படி ஒரு பிள்ளை இந்த ஊரில் எவளுக்காவது உண்டா என்று நினைத்தேன், வாய் திறந்துகூடச் சொல்லவில்லை, நினைத்ததோடு சரி. பொழுது சாய்வதற்குள் உடம்பு கொதித்தது, கண் மேலே செருகிக்கொண்டது, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது, பஸ் ஓட்டப் போயிருந்த மனுஷன் வருவதற்குள் நான் அந்த மஞ்சள் கவுனோடு அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிழைத்தாள். எதிர்வீட்டு மூக்கம்மாள் அக்கா வந்து என்னை ஏற இறங்கப் பார்த்து, எவள் கண்ணும் இல்லை, தாய்க்கண்தான் இருக்கிற கண்ணிலேயே பொல்லாத கண், இனிமேல் பார்த்துப் பார் என்றாள். காய்ச்சல் பலமாகி வந்த இழுப்பு, சின்னப் பிள்ளைகளுக்கு வருவதுதான் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரர் திருமலைக்குமார், பெயர்தான் சாமி பெயர், ஆள் கறுப்புச் சட்டை, கண்ணாவது மண்ணாவது என்றார். அவருக்கு என்ன, அவர் பார்க்கவில்லை. மூன்று அடுக்குச் சுருக்கத்தோடு அந்த உடம்பு வெட்டியதை நான்தான் பார்த்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி இவளை ஓரக் கண்ணால்தான் பார்ப்பேன், பார்த்தது தெரியாமல் பார்ப்பேன், புகழ்கிறவன் வாயைத் திட்டிக்கொண்டே மூடுவேன்.

அப்படித்தான் வளர்த்தேன், இதில் எனக்குப் பெருமைதான். ஓட்டப் பந்தயத்தில் அவள் முதலில் வந்தபோது நான் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோது மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த திரைத் துணி எத்தனை முழம் என்று பார்த்தேன். கப்பல் படிப்பு முடித்து வெள்ளை உடுப்பில் அணிவகுத்துப் போனாளே, அவள் அப்பா நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டினார், வண்டி ஓட்டுகிற கை ரத்தத்தில் வந்தது பார் என்று முன்னே பின்னே தெரியாதவர்களிடம் சொன்னார், நான் அவளுக்கு முன்னால் போன பெண்ணின் கால்சட்டை மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. வீட்டில் ஒருத்தர் புகழ்ந்தால் இன்னொருத்தர் திட்ட வேண்டும், அப்போதுதான் தராசு நேராக நிற்கும். அவர் பாட்டுக்குப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுவார், பின்னாலேயே போய்க் கூட்டி அள்ளுவது யார். இந்தக் கப்பலுக்கும் அவர் வரவில்லை. தான் ஓட்டாத வண்டியில் ஏறினால் அவருக்குக் குமட்டும். நான் வந்தேன், வரும்போதே திருஷ்டி கழிக்கக் கைப்பையில் கல்லுப்பும் மிளகாய் வற்றலும் எடுத்து வைத்தேன், விமான நிலையத்தில் ஒரு பெண் வற்றலை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் தும்மினாள். மரக்கப்பலில் நெருப்பு மூட்டக் கூடாதாம், வற்றலுக்கு வேலை இல்லை, உப்பு மட்டும்தான். அவள் வரைபடத்தை விரித்துக் குனிந்திருந்த நேரம் பின்னால் நின்று மூன்று சுற்றுச் சுற்றிக் கடலில் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது. வீட்டில் உப்பைத் தண்ணீரில் போட்டால் உப்பு கரையக் கரையக் கண்ணும் கரைந்து போகும். கடலே உப்பு. அதில் போட்ட உப்பு கரைந்ததா, கூடச் சேர்ந்துகொண்டதா, யாரைப் போய்க் கேட்பது. ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டு வாங்கியிருக்கலாம், கப்பலில் குளிக்கவே அளந்துதான் கொடுக்கிறார்கள். கரைந்திருக்கும். கரையாமல் எங்கே போகும்.

சத்தம் மாறுகிறது. இவ்வளவு நேரம் தண்ணீர் கப்பலின் ஓரத்தைத் தடவிக்கொண்டு வந்தது, இப்போது முன்னால் இருந்து ஒரு இரைச்சல், மழைக்காலத்தில் குற்றாலத்துக்குத் திரும்புகிற பாதையிலேயே கேட்குமே, அந்த இரைச்சல். பாறையில் அலை உடைகிறது. இடப்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு, வலப்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு, நடுவில் அந்த வாசல், கடவுளே, எங்கள் ரத வீதி இதைவிட அகலம். பாய்மரத்து உச்சியில் ஒருத்தன் ஏறி உட்கார்ந்திருக்கிறான், தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் கையை நீட்டி வழி காட்டுகிறான், வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் நிறம் தெரியும், அதனால்தான் இந்த நேரம் பார்த்து வருகிறோம் என்று முந்தாநாள் விருந்தாளிகளுக்கெல்லாம் இவள் விளக்கியபோது நான் கடலைப் பார்த்துக்கொண்டே காதைக் கொடுத்திருந்தேன். கருநீலம் ஆழம், இளம்பச்சை மணல், மாந்தளிர் நிறம் வந்தால் பாறை. நூல்கண்டுப் பெட்டியைத் திறந்தால் எனக்கு இதைவிட நிறம் தெரியும், அதனால் இப்போது நன்றாகவே தெரிகிறது, இரண்டு பக்கமும் மாந்தளிர் நிறம் நெருங்கி வருகிறது. மோட்டார் கிடையாது. காற்று நின்றுவிட்டால் என்ன ஆகும், காற்று கூடினால் என்ன ஆகும். பின்னால் அந்தக் கால் என்ன செய்கிறது, ஓரக் கண்ணால் பார்க்கிறேன், காலைப் பார்த்தால் கண் படாது. செருப்பில்லாமல் நிற்கிறது. இடது காலின் விரல்கள் பலகையைக் கவ்வுகின்றன, குதிகால் கொஞ்சம் எழும்புகிறது, படிகிறது. ஏதோ சொல்கிறாள், அவர்கள் பாஷையில், சத்தம் போடாமல், பக்கத்து அறையில் இருக்கிற ஆளைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. கயிறு கிறீச்சிடுகிறது, ஒரு பாய் பாதி இறங்குகிறது, கப்பல் கொஞ்சம் சாய்ந்து நிமிர்கிறது, என் கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருக்கிறது. பார்க்காதே, இப்போது போய்ப் பார்க்காதே, இந்த நேரம் பார்த்தால் போச்சு, அவள் ஒருத்தி இல்லை, இத்தனை பேர். மீனைப் பார். நீல மீன், மஞ்சள் மீன், மஞ்சள் வேண்டாம், நீல மீனைப் பார். பாறை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, கையை விட்டால் தடவலாம் போலிருக்கிறது, அதில் ஒரு விசிறி மாதிரி ஏதோ ஊதா நிறத்தில் ஆடுகிறது, நல்ல ஊதா, பட்டில்கூட இந்த ஊதா வராது. வாசலுக்குள் வந்துவிட்டோம். முருகா. இடப்பக்கமும் நுரை, வலப்பக்கமும் நுரை.

அப்போதுதான் ஜெர்மன்காரர் எழுந்தார். கையை நீட்டினார். நுரைக்கு அந்தப் பக்கம், உள்ளே, பச்சைத் தண்ணீரில் ஒரு முதுகு, சாம்பல் நிறத்தில், உரல் கனத்தில், மெல்ல எழும்பி மூச்சு விட்டுவிட்டு அவசரமே இல்லாமல் கிடந்தது. கடல் பசு. எல்லாரும் இடப்பக்கம் கூடினார்கள், டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டாள், ஜப்பான்காரப் பெண்மணி அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த ஆட்கள்கூட ஒரு நொடி அந்தப் பக்கம் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், ஒரு தடவை பார்த்துவிட்டேன். பின்னால் இருந்த அந்தக் கால் மட்டும் அசையவில்லை. எவ்வளவோ சொல்லி எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தவள், அவள் மட்டும் அதைப் பார்க்கவில்லை. கப்பல் இன்னும் வாசலைத் தாண்டவில்லை, அவள் எப்படிப் பார்ப்பாள். இந்தக் கப்பலில் ஒரு ஜோடிக் கண்கூட இப்போது அவள் மேல் இல்லை. நான் வேண்டியது இதைத்தானே. என் பிள்ளை மேல் எவன் கண்ணும் படக் கூடாது, எவள் கண்ணும் படக் கூடாது, என் கண்ணும் படக் கூடாது. படவில்லை. இத்தனை பேரையும் பாறைக்கு நடுவே தன் இரண்டு கையில் பிடித்துக் கூட்டிப் போகிறாள், அநாதை மாதிரி நிற்கிறாள், பெற்றவள் நாலடிக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போதலை என்றாளே. நான் பெஞ்சில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தேன். கடல் பசுவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். காலில் ஆரம்பிக்கவில்லை, நேரே முகத்தைப் பார்த்தேன்.

கறுத்திருந்தாள், நல்ல கறுப்பு, கருவாடு என்று சொன்ன வாயில் அடிக்க வேண்டும். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். வண்டி ஓட்டும்போது அவள் அப்பாவுக்குத் தாடை இப்படித்தான் இறுகும், அதே தாடை. கண் என்னிடம் இல்லை, எனக்குப் பின்னால் தூரத்தில், தண்ணீரின் நிறத்தில் இருந்தது, இமைக்கிறாளா என்று பார்த்தேன், இமைத்தாள், எண்ணெய் தேய்த்துவிடும்போது சின்னதில் இமைப்பாளே அப்படி. பிறகு காதுக்கு மேலே, தொப்பிக்குக் கீழே, நரை. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கற்றை. என் மகளுக்கு நரைத்திருக்கிறது. எப்போது நரைத்தது. தாடைக்கு அடியில் ஒரு தழும்பு, கோணல் மாணலாக ஏழெட்டுத் தையல், பழைய தழும்பு, எவனோ அவசரத்தில் தைத்திருக்கிறான், இதை யார் தைத்தார், அன்றைக்கு இவள் பக்கத்தில் யார் இருந்தார்கள். நான் பார்க்கவில்லை, பார்க்காமல் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று இருந்தேன். ஆனது எல்லாம் ஆகித்தான் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் முட்டியது, துடைக்கவில்லை, துடைத்தால் அந்த நேரம் பார்க்க முடியாதே. சக்கரத்தை அவள் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருப்பினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், முழுக் கண்ணால், மனதுக்குள் வாய்விட்டுப் புகழ்ந்துகொண்டே, என்ன நடக்கிறதோ நடக்கட்டும் என்று. இரைச்சல் பின்னால் போனது. கப்பல் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் குளத்துக்குள் வந்து, பாயை இறக்கி, வேகம் குறைந்து, நங்கூரச் சங்கிலி கடகடவென்று ஓடி முடிந்தது. என் கண் அவள் மேலேயே இருந்தது, ஒன்றும் ஆகவில்லை.

சக்கரத்தை விட்டுவிட்டுக் கையை உதறினாள், அப்போதுதான் என்னைக் கவனித்தாள். நான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "எம்மா, அந்தப் பக்கம் பாரு, கடல் பசு" என்றாள். பார்க்க வேண்டியதைத்தான் பார்க்கிறேன் என்றேன். "தாடையில என்னட்டி தழும்பு?" தொட்டுப் பார்த்துக்கொண்டாள், எங்கே இருக்கிறது என்று அவளே மறந்துவிட்ட மாதிரி. அது பழசு, ஒரு தடவை கயிறு அறுந்து அடித்தது, அதற்குப் பிறகு எத்தனை தடவை லீவில் வந்திருக்கிறேன், நீ பார்த்திருப்பாய் என்று நினைத்தேன் என்றாள். ஜெர்மன்காரர் கேமராவை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். டாக்டரும் திரும்பினாள், மற்றவர்களும் ஒவ்வொருத்தராகத் திரும்பினார்கள். "தூத்துக்குடிக்கு ஒண்ணும் நீ வர வேண்டாம்" என்றேன். "அஞ்சு வருசத்துக்கும் எழுதிக் குடு." உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள், குரல் கேப்டன் குரலாக இல்லை. பழக்க தோஷத்தில் ஒரு திட்டு தொண்டை வரைக்கும் வந்தது, ரசம் வரைக்கும் வந்தது, விழுங்கினேன். எழுந்து போய்த் தொப்பியைக் கழற்றி, அந்த நரைத்த கற்றையைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டேன், என் உயரத்துக்கு அவள் குனிய வேண்டியிருந்தது. "நல்லா ஓட்டுதட்டி" என்றேன், டாக்டருக்கும் கேட்கும்படி, கயிற்றைச் சுருட்டுகிறவனுக்கும் கேட்கும்படி. "ராசாத்தி கணக்கா நிக்க. உன்னைப் பெத்ததுக்கு நான் ஊரைக் கூட்டிச் சொல்லணும், இவ்வளவு நாளும் சொல்லாமப் போனேன்." கறுத்த முகம் சிவந்தால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எம்மா, எல்லாரும் பாக்காங்க" என்றாள்.

"பாக்கட்டும்" என்றேன்.